விட்டுப்போக வேண்டிய தையல்

என் அண்ணி போட்ட தையல் விட்டுப்போய் யாரும் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வந்த வினையே அதில்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பை, லாரித் தார்ப்பாய், சோபா உறை என்று அவள் கைக்கு எது வந்தாலும் துணி நைந்து போகும், தையல் அப்படியே நிற்கும். ஒரு வரிசை தைத்து முடித்ததும் மெஷினின் பின்தையல் பிடியை அழுத்தி மூன்று தையல் பின்னால் போய்த் திரும்புவாள். அப்போதுதான் நூல் பிரியாது. அதை அவள் வேலை செய்யும் தையல் பட்டறையில் 'கெட்டி போடுவது' என்பார்கள். எல்லாத் தையல்காரர்களும் கெட்டி போடுவார்கள்தான், ஆனால் இவள் பேச்சு மும்முரத்தில் கூட மறக்காமல் போடுவாள். அதனால் இவளுக்குப் பெயரே கெட்டியக்கா என்றாகிவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவள், உறவில் பெரியவள். ஆகவே மனதுக்குள் 'அவள்', வாயில் 'நீங்க'. அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேருக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அடுத்தவன் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று அண்ணன் என்னைப் 'புரூஃபு' என்றுதான் கூப்பிடுவான்.

அண்ணன் நர்ஸ். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரில் போகிற நர்ஸ். மலைப்பக்கத்தில் எங்காவது பஸ் உருண்டால், சுரங்கத்தில் கல் சரிந்தால், பைலட், டாக்டர், இவன் மூன்று பேரும் பறந்து போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பின்னால் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் இரண்டு சீட். வலது சீட் டாக்டருக்கு, கதவோரமாக இருக்கும் இடது சீட் அண்ணனுக்கு. எட்டு வருடமாக அந்த இடம்தான்.

எட்டு வருடமாக வீட்டில் ஹெலிகாப்டரைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை. பயம்தான், வேறென்ன. தலைக்கு மேலே அந்தச் சத்தம் போனால் அண்ணி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் தேயும்வரை அப்படியே நிற்பாள். நான் புரூஃபைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வேன். ஒரே வரியை நாலு தடவை படித்திருப்பேன். அண்ணன் சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எங்கள் இருவருக்கும் மூச்சு சீராகும். அவனோ இறங்கி வந்த கையோடு பசி என்பான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஹெலிகாப்டர்களின் சீட்டை மாற்றும் வேலை அண்ணியின் பட்டறைக்கே வந்தது. பழைய சீட் இரும்புக் குழாயில் செய்து தரையோடு நட்டுப் போட்டு முடுக்கியது. புதியது அப்படியில்லை. மேலே ஒரு சட்டத்திலிருந்து தடித்த பட்டையில் தொங்கும். அந்தப் பட்டையை மடித்து, மடிப்பின் குறுக்கே பதினாலு வரிசை தைக்க வேண்டும். மெல்லிய நூல். முனைகளில் பின்தையல் கூடாது. காகிதத்தில் இவ்வளவுதான் எழுதியிருந்தது.

வடிவமைத்தவர் ஒரு பெண் இன்ஜினியர். அவருடைய வேலை, சாமான்களை உயரத்திலிருந்து கீழே போட்டு எது எப்படி உடைந்தது என்று எழுதிவைப்பது. பட்டறைக்காரர்களிடம் அப்படிப்பட்டவர் அகப்பட்டால் விடுவார்களா? 'தொபுக்கடீர் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஒரே ஒரு தடவை தையல் அறைக்கு வந்து, மாதிரிப் பட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தையல் விடணும், ஞாபகம் வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

அறை முழுக்கச் சிரிப்பு. தையல் விட வேண்டும் என்று தையல்காரரிடம் வந்து சொல்கிற மனுஷியை யாரும் பார்த்ததில்லை. மேஸ்திரிதான் சமாளித்தார். "விடக்கூடாதுன்னு சொல்ல வந்து மாத்திச் சொல்லிட்டாங்க. படிச்சவங்களுக்கு வாய் குழறும். நீங்க காகிதத்துல இருக்கிறதைத் தைங்க." மெல்லிய நூல் எதற்கு என்று ஒருத்தி கேட்டதற்கு, "கஞ்சத்தனம்தான், வேற எதுக்கு?" என்றாராம்.

அன்று மாலை அண்ணி வந்து இதைச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னவள், கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நாளைக்கு நம்ம ஊர் ஹெலிகாப்டருக்கு. இடது சீட்டு எங்கிட்டதான் வருது" என்றாள்.

அண்ணன் அப்போது வீட்டில் இல்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஊரான் பிள்ளைங்க தூக்கிட்டுப் போற பையை யானையே இழுத்தாலும் பிரியாத மாதிரி தைப்பீங்க. கட்டின புருஷன் உட்கார்ற சீட்டுக்கு மட்டும் இழுத்தா கையோட வர்ற தையலா? பேரு மட்டும் கெட்டியக்கா" என்றேன்.

கிண்டலாகத்தான் சொன்னேன். பாதி கிண்டல். மீதிப் பாதி எட்டு வருடப் பயம். 

மறுநாள் திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், "போட்டுட்டேன்" என்றாள்.

"எதை?"

"பெருக்கல்."

பாரம் தூக்கும் வார்களுக்குப் போடும் தையல் அது. நான்கு பக்கமும் பெட்டிபோல் தைத்து, நடுவில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. அதைவிடப் பலமான தையல் கிடையாது. பரிசோதகர் பதினாலு வரிசையையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், பட்டையின் உறையைப் பிரித்து, தார்ப்பாய் தைக்கும் தடித்த நூலால் பெட்டியும் பெருக்கலும் போட்டு, பழையபடி உறையை மூடிவிட்டாள். மற்ற ஊர்களுக்குப் போன சீட்டுகளையெல்லாம் காகிதத்தில் இருந்தபடியே தைத்தாள். சொந்த மனுஷன் உட்காரும் சீட்டுக்கு மட்டும்தான் இந்தத் தனிக் கவனிப்பு.

எங்களுக்கு அன்றைக்கு ஒரே நிம்மதி. அதற்குப் பிறகு நான்கு மாதம், மேலே சத்தம் போனால் அண்ணி கையிலிருப்பதைக் கீழே வைக்கவில்லை. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "போகட்டும், பெருக்கல் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நானே கேட்டேன்.

ஐந்தாம் மாதம் பட்டறையிலேயே ஆஸ்பத்திரி அதிகாரிகளுக்கு அந்தச் சீட்டைப் பற்றி விளக்கிக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். அறுபது நாற்காலி போட்டார்கள், அதிகாரிகள் ஒன்பது பேர் வந்தார்கள். காலி நாற்காலியைப் பார்த்து முதலாளிக்குக் கௌரவம் குறைந்துபோயிற்று போல. தையல் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் வரவேண்டும், வீட்டில் யாராவது இருந்தாலும் கூட்டி வரலாம் என்றார். நானும் அச்சகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணியோடு போய் உட்கார்ந்தேன். காலை பதினொரு மணி. அண்ணன் விடியும் முன்பே வேலைக்குப் போயிருந்தான்.

மூன்று மாடி உயரத்துக்கு ஒரு இரும்புச் சாரம். அதன் உச்சியில் பழைய இரும்புச் சீட். அதில் மனுஷன் எடைக்கு ஒரு பொம்மையை உட்காரவைத்துப் பெல்ட் மாட்டியிருந்தார்கள். பொம்மையின் இடுப்புக்குள் ஒரு கருவி, அதன் அளவு பக்கத்துப் பலகையில் தெரியும். தொபுக்கடீர் மேடம் கையை அசைத்தார். சீட் விழுந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவுதான். பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பலகையில் எண் சிவப்பாக ஏறி நின்றது.

மேடம் அருகில் போய்ச் சீட்டைத் தட்டிக் காட்டினார். "சீட்டைப் பாருங்க. ஒரு நட்டு கூடக் கழலல. அவ்வளவு பலம். ஆனா இந்த மனுஷனுக்கு இனிமே கால் அசையாது. முதுகெலும்பு நொறுங்கிடுச்சு."

பொம்மையைத்தான் சொன்னார். அதன் முகத்தில் கண் மூக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து புதிய சீட். அதே பொம்மை, அதே உயரம். இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. துணிக்கடையில் துணியைக் கிழிப்பார்களே, அதுபோல டர்ர்ர்ரென்று நீளமாக. சீட் ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. பலகையில் எண் பச்சை.

"எங்கேயாவது ஒண்ணு உடைஞ்சுதான் ஆகணும்" என்றார் மேடம். "சீட் உடையலன்னா முதுகு உடையும். அதனால நாங்க தையலை உடைய விடுறோம். ஒவ்வொரு வரிசையா விடும்போது, விழுற வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். கெட்டியா இருந்தா ஆபத்து. இது விடணும்."

விடணும். அன்றைக்கும் இதைத்தான் சொன்னார். வாய் குழறவில்லை. திருத்தியது மேஸ்திரி. சரியாக இருந்ததைத் தப்பாகத் திருத்திவிட்டார், நானும் அண்ணியும் அந்தத் திருத்தத்தை நம்பினோம்.

என் மணிக்கட்டில் வலித்தது. குனிந்து பார்த்தால் அண்ணி அதைப் பிடித்திருக்கிறாள், ஐந்து விரலும் பதியும்படி. அவள் முகம் வெளுத்துக் காகிதம்போல் இருந்தது.    அண்ணன் இந்நேரம் அந்தச் சீட்டில் பறந்துகொண்டிருப்பான்.

அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள், அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கும்படி, "மேடம், நம்ம ஊர் ஹெலிகாப்டர்ல இடது சீட்டுக்கு நான் பெருக்கல் போட்டிருக்கேன்" என்றாள்.

அதிகாரிகளுக்குப் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்தது. கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "எதால போட்டீங்க?"

"தார்ப்பாய் நூலால. பெட்டியும் பெருக்கலும். பரிசோதனை முடிஞ்ச பிறகு உறையைப் பிரிச்சுத் தைச்சேன். அது விடாது மேடம். என்ன ஆனாலும் விடாது."

மேஸ்திரி, "ஐயோ, என்னம்மா சொல்ற" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். மேடம் பட்டறைக்கு அடுத்தாற்போல் இருந்த ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் களத்தின் ரேடியோ அறைக்கு ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். ஆஸ்பத்திரி அதிகாரி ஒருவர் கோப்பை அணைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

சின்ன அறை. ஒரு மேசை, ஒரு கடிகாரம், காதில் கருவி மாட்டிய ஒரு ஆள். சுரங்கத்தில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆகும், காற்று பலமாக இருக்கிறது என்றார் அவர். வழியில் இறக்க முடியுமா என்று மேடம் கேட்டார். பாறையும் காடும்தான், இறக்க இடமில்லை, நோயாளிக்கு நேரமும் இல்லை என்று பதில் வந்தது.

"பைலட்கிட்ட மட்டும் சொல்லுங்க. விழுந்தா இடது சீட் அதிர்ச்சியை வாங்கிக்காதுன்னு. மெதுவா இறக்கச் சொல்லுங்க" என்றார் மேடம். பிறகு அண்ணியைப் பார்த்து, குரலைத் தணித்து, "பழைய சீட்டும் இதே மாதிரிதான். எட்டு வருஷம் அதுலதான் பறந்தாரு. விழுந்தாதான் பிரச்சனை. விழாது" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் எட்டு வருடமாக எங்களுக்கு அந்தச் சிவப்பு எண் தெரியாது. இப்போது தெரியும்.

கோப்பு வைத்திருந்த அதிகாரி நல்லவர். அண்ணியின் நிலையைப் பார்த்து மனசு கேட்காமல், "நர்ஸை டாக்டர் சீட்டுக்கு மாறச் சொல்லிடலாமே. இந்தம்மா இப்படித் துடிக்கிறாங்க" என்றார்.

ரேடியோக்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் அண்ணியைப் பார்த்தார். அப்படியானால் டாக்டர் எதில் உட்காருவார் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் இருபத்தெட்டு வயசுப் பெண். போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனவள்.

அண்ணி சொன்னாள்: "மாத்த வேண்டாம். அவரே உட்காரட்டும். அது அவருக்குன்னு நான் தைச்சது."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். என் அண்ணன் உயிரைப் பற்றி முடிவு சொல்ல இவள் யார் என்று ஒரு கணம் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். டாக்டர் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றும் நினைத்தேன். அடுத்த கணமே என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் ஞாபகம் வந்தன. யானை, பை, கட்டின புருஷன். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்தைந்து நிமிடம்.  அண்ணி உட்காரவே இல்லை. கடிகாரத்துக்கு நேராக நின்றுகொண்டு, கட்டைவிரல் நகத்தால் ஆள்காட்டி விரலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நூல் முனையைப் பிரித்து இழுப்பது போன்ற அசைவு. நடுவில் ஒருமுறை ரேடியோவில் கரகரவென்று ஏதோ வந்து நின்றுபோனது. "காத்துல இப்படித்தான் விட்டு விட்டு வரும்" என்றார் ரேடியோக்காரர். விட்டு விட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணி ஒரு முறை குலுங்கினாள்.

சத்தம் கேட்டு நாங்கள் ஜன்னலுக்கு ஓடியபோது ஹெலிகாப்டர் களத்துக்கு மேலே வந்திருந்தது. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. இறங்கியது, நின்றது, திரும்ப ஏறியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது தடவை அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு இறங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தரையைத் தொட்டதா இல்லையா என்று தெரியாமலே தொட்டு நின்றது. போன உயிர் திரும்பி வந்தது. கதவு திறந்தது, அண்ணன் குதித்தான், ஸ்ட்ரெச்சரை இழுத்தான், எங்களைப் பார்க்காமலே ஓடினான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்ட பிறகு அவன் சொன்னது இதுதான்: "அதானா? பைலட் முட்டை மேல இறக்குற மாதிரி இறக்கினான். யாரோ மந்திரி வந்திருக்காருன்னு நினைச்சேன்."

அண்ணி சிரிக்கவில்லை. நான் அவனை வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னேன்.

விசாரணை நடந்தது. யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள் என்று மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "யாரும் சொல்லல, நானாத்தான்" என்றாள். வீட்டுக்கு வந்தும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவள் சொல்லாததால்தான் நான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான்கு மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். நிரந்தரமாக அனுப்பியிருப்பார்கள், மேடம்தான் விடவில்லை. "தப்பு பாதி இவங்களோடது, பாதி என்னோடது. எத்தனை வரிசைன்னு எழுதினேன். எதுக்குன்னு எழுதல. ஒரு நல்ல தையல்காரி விடுற தையலைப் பார்த்தா சும்மா இருப்பாங்களா? அதை நான் யோசிச்சிருக்கணும்" என்று அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. விட வேண்டிய வரிசைகளுக்கு மட்டும் சிவப்பு நூல். உறையில் ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல், பறப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். தையல் அறைக்குப் புதிதாக வருகிறவர் முதல் நாளே சாரத்தடியில் நின்று இரண்டு சீட்டும் விழுவதைப் பார்க்க வேண்டும். சீட் தைக்கும் மெஷினில் பின்தையல் பிடியையே கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. அண்ணி திரும்பிப் போன முதல் வாரம் முழுக்க அவள் விரல் அந்த ஓட்டையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியதாம்.

அண்ணனின் இடது சீட்டுக்குப் பட்டையைப் புதிதாகத் தைக்கும் வேலையை மேடம் அவளுக்கே கொடுத்தார். அதுவரை அங்கே வேறு ஒரு சீட்டைக் கடன் வாங்கி மாட்டியிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமே என்று சண்டை போட்டேன். அண்ணி கேட்கவில்லை. பதினாலு வரிசை, சிவப்பு நூல். தானே தைத்தாள்.

அதன் பிறகு ஏழு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு, அச்சகத்துக்குப் போன் வந்தது. ரேடியோக்காரர்தான். அண்ணிக்குப் போன் செய்யப் பயந்து எனக்குச் செய்திருக்கிறார். மலை ஆஸ்பத்திரி முற்றத்தில் இறங்கும்போது வாலில் இருக்கும் சின்ன விசிறி நின்றுவிட்டது. ஹெலிகாப்டர் இரண்டு மாடி உயரத்திலிருந்து அப்படியே விழுந்துவிட்டது. அதற்கு மேல் தகவல் இல்லை.

எப்படிப் பட்டறைக்கு வந்தேன் என்று தெரியாது. செருப்பில் ஒன்றைக் காணோம். யாரோ எனக்கு முன்பே அண்ணியிடம் சொல்லியிருந்தார்கள். அண்ணி தன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தையல் அறையில் இருபது மெஷினும் நின்றிருந்தன.

"கெட்டி போட்டுட்டேனான்னு தெரியல" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"பிடிதான் இல்லையே அண்ணி. எப்படிப் போட முடியும்?"

"துணியைத் திருப்பிப் போட்டா முடியும்."

"பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"போன தடவையும் போட்டாரு."

 அவள் ஒரு துண்டுப் பட்டையை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். "என் கை என்ன செய்யுதுன்னு நீ பாரு. நான் பார்க்கல" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசை தைத்தாள். வரிசை முனைக்கு வந்தது. பிடி இருந்த ஓட்டைக்கு அவள் விரல் போய்த் திரும்பியது. பிறகு அவளுடைய இடது கை, யாரும் சொல்லாமல், பட்டையைச் சடாரென்று திருப்பியது. ஊசி மூன்று தையல் வந்த வழியே போய் நின்றது.

அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கெட்டியான, அழகான மூன்று தையல்.  பதினாலு வரிசைக்கும் இப்படிப் போட்டிருந்தால்? ஒன்றும் விடாது. சீட் அப்படியே நிற்கும். ஒரு நட்டு கூடக் கழலாது.

"பார்த்தியா" என்றாள். அழுகை கூட வரவில்லை அவளுக்கு. "என் கைதான் அவரை முடிச்சிடுச்சு."

மேஸ்திரி அறையில் போன் அடித்தது. யாரும் அசையவில்லை. மேஸ்திரி எடுத்தார், கேட்டார், வாசலுக்கு வந்து, "கெட்டியம்மா, உனக்குத்தான்" என்றார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.  நான் அண்ணியைத் தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். போனை இருவரும் காதோடு காது வைத்துக் கேட்டோம்.

"நான்தான்" என்றான் அண்ணன். குரல் குளறியது, உதடு கிழிந்திருக்க வேண்டும். "பயப்படாத. மூணு பேரும் உசிரோட இருக்கோம். பேஷன்ட் இன்னும் ஏறல, நல்லவேளை."

அண்ணி, "தையல்?" என்றாள்.

"என்னது?"

"தையல் என்னாச்சு?"

"விட்டுப்போச்சுடி" என்றான். "உன் தையல் விட்டுப்போச்சு. டர்ருன்னு சத்தம் கேட்டுச்சு, சீட்டோட கீழ இறங்கிட்டேன்."

"எத்தனை வரிசை?"

"இப்ப உட்கார்ந்து எண்ணச் சொல்றியா?"

"எண்ணுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கால் அசையுதா? முதல்ல அதைச் சொல்லு" என்று கத்தினேன்.

"ரெண்டும் அசையுது. அதுலதான் நடந்து போய் எண்ணப் போறேன், உங்க அண்ணி விடமாட்டா" என்றான். போனை எங்கோ வைக்கும் சத்தம், யாரோ திட்டும் சத்தம், இழுத்து இழுத்து நடக்கும் காலடி. அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

"பதினொண்ணு" என்றான். "மூணு மிச்சம் இருக்கு."

அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனாள். தையல் அறை முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முகம் கோணிப்போய், கண்ணும் மூக்கும் ஒழுக, "விட்டுப்போச்சாம்" என்றாள். சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக, "பதினொரு வரிசை விட்டுப்போச்சாம், நான் தைச்சது" என்று சொல்லி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.